42 வயது, நிரந்தரப் பணி: ஆய்வு நிதிக்கு யார் தகுதியானவர்?

காலை ஏழு மணிக்கு ராஜகீழ்ப்பாக்கத்திலோ கேம்ப் ரோடு சந்திப்பிலோ நின்று பார்த்தால் தாம்பரம் வட்டாரத்தின் தொழில் என்னவென்று விளங்கிவிடும். வரிசையாகக் கல்லூரிப் பேருந்துகள். ஒன்று வண்டலூருக்கு, ஒன்று காட்டாங்குளத்தூருக்கு, இன்னொன்று கேளம்பாக்கத்துக்கு. அவற்றின் முன் இருக்கைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் மாணவர்கள் அல்லர், கழுத்தில் அடையாள அட்டையும் மடியில் லேப்டாப் பையுமாக உதவிப் பேராசிரியர்கள். மாடம்பாக்கத்தில், தேனுபுரீஸ்வரர் கோயிலைத் தாண்டி ஏரிப் பக்கமாக எழும்பியிருக்கும் அடுக்ககங்களில், 'டாக்டர்' என்று பெயர்ப்பலகை தொங்கும் வீட்டு மணியை அடித்து ஊசி போடச் சொன்னால் ஏமாந்துதான் போவீர்கள். பாதிக்குப் பாதி பி.எச்டி. டாக்டர்கள்.

காரணம் எளிது. சேலையூரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம். வண்டலூரில் கிரசென்ட், கேளம்பாக்கம் சாலையில் வி.ஐ.டி., காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பள்ளிக்கரணைப் பக்கம் போனால் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். இத்தனை முனைவர் பட்டங்கள் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கும் புறநகர் நாட்டில் அதிகம் இருக்காது. ஆனால் இவர்களில் சொந்தமாக ஒரு ஆய்வு புராஜெக்ட் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டால் பேச்சு சட்டென்று நின்றுவிடும்.

ஐடியா இல்லாமல் இல்லை. பெரும்பாலோர் விண்ணப்பப் படிவத்தின் இரண்டாவது பக்கத்தைத் தாண்டுவதே இல்லை. 'இந்தப் பிரச்சினையை எப்படி ஆராயப் போகிறீர்கள்?' என்ற கேள்வி வருவதற்குள் 'உங்கள் பதவி நிரந்தரமா?', 'பிறந்த தேதி என்ன?' என்ற இரண்டு கட்டங்களும் வேலையை முடித்துவிடுகின்றன.

65-ம் 11-ம்

2023 ஆகஸ்ட்டில் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் ஜிதேந்திர சிங் ஒரு கணக்கை வெளிப்படையாகச் சொன்னார். அதுவரை நிதி வழங்கிவந்த எஸ்.இ.ஆர்.பி. என்ற மத்திய அரசு வாரியத்தின் பணத்தில் ஏறக்குறைய 65 சதவீதம் ஐ.ஐ.டி.க்களுக்கே போகிறது, அண்ணா பல்கலைக்கழகம் போன்ற மாநில அரசுப் பொறியியல் நிறுவனங்களுக்குப் போவது 11 சதவீதம்தான் என்றார். உதாரணத்துக்கு அவர் வாயில் வந்த பெயர் நம் ஊர்ப் பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும். கிண்டியில் சர்தார் படேல் சாலையின் ஒரு பக்கம் ஐ.ஐ.டி., கூப்பிடு தூரத்தில் அண்ணா பல்கலைக்கழகம். பணத்தின் கணக்கில் அந்தத் தூரம் மிகப் பெரியது.

அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யத்தான் புதிய அமைப்பு என்றது அரசு. 2024 பிப்ரவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது, எஸ்.இ.ஆர்.பி. அதில் கரைந்தது. 2023 முதல் 2028 வரை ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது இலக்கு. அதில் அரசு தருவது 14,000 கோடி. மிச்சம் தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்ற மற்றவர்களிடமிருந்து வர வேண்டும். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது 0.64 சதவீதம் என்ற நிலையில், மற்றவர்களிடமிருந்து 36,000 கோடி திரட்டுவது எவ்வளவு தூரம் நடக்கும் என்று தெரிய இன்னும் காலம் ஆகும்.

புதிய அமைப்பு 2024 இறுதியில் கொண்டுவந்த முதல் திட்டங்களில் ஒன்று 'பிரதமர் தொடக்கநிலை ஆய்வாளர் நிதி'. இளம் பேராசிரியர்களுக்கென்றே வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை. கல்லூரிக்கான நிர்வாகச் செலவுப் பங்கு தனி. இதற்கு முன்பிருந்த 'தொடக்க ஆய்வு நிதி' இரண்டு ஆண்டுகளுக்கு 30 லட்சம்தான். ஆக, தொகையைக் குறை சொல்ல முடியாது. தனியார் கல்லூரி, மாநிலப் பல்கலைக்கழகம் என்று யாரையும் ஒதுக்கவில்லை என்பதும் உண்மை. அறிவியல், பொறியியல் முனைவர் பட்டம் அல்லது எம்.டி., எம்.எஸ். போன்ற மருத்துவ மேற்படிப்பு, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் நிரந்தரப் பணி, 42 வயது உச்சவரம்பு. பெண்களுக்கும் சில பிரிவினருக்கும் வயதில் தளர்வு உண்டு.

படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. மாடம்பாக்கத்து அடுக்ககத்தில் உட்கார்ந்து படித்தால் வேறு மாதிரி தெரியும்.

'ரெகுலர்' என்றால் யார்?

தமிழ்நாட்டில் கல்லூரி ஆசிரியர் என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது நான்கு சாதி இருக்கிறது. அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ யு.ஜி.சி. ஊதியம் வாங்கும் நிரந்தர ஆசிரியர் முதல் வகை. அதே உதவி பெறும் கல்லூரியில், அதே கட்டடத்தில், மதியம் தொடங்கும் சுயநிதி ஷிஃப்ட்டில் பாடம் எடுப்பவர் இரண்டாம் வகை. அவருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். மூன்றாவது, முழுத் தனியார் கல்லூரி. நான்காவது, அரசுக் கல்லூரிகளில் மாதம் 25,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கு 11 மாதம் வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர். தாம்பரத்தில் ரயில் ஏறிச் செங்கல்பட்டு அரசுக் கலைக் கல்லூரிக்குப் போகும் ஒருவருக்குப் பி.எச்டி. இருக்கலாம், நெட் இருக்கலாம், ஸ்கோப்பஸ் பட்டியலில் ஏறிய கட்டுரைகள் இருக்கலாம். அவர் கௌரவ விரிவுரையாளர் என்றால் 'நிரந்தரப் பணி' என்ற கட்டத்தில் டிக் போட முடியாது. (கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. சொன்னது 2019 ஜனவரியில். கௌரவம் மட்டும் முழுதாகத் தரப்படுகிறது.)

தனியார் கல்லூரியில் இருப்பவர் நிலை சற்றுக் குழப்பமானது. நியமன ஆணையில் 'ஒப்பந்தம்' என்றோ 'தொகுப்பூதியம்' என்றோ ஒரு வார்த்தை இருந்தால் சிக்கல். அது இல்லாவிட்டால், கல்வி நிறுவனத் தலைவர் ஒரு ஒப்புதல் கடிதம் தர வேண்டும். இவர் எங்கள் ஆசிரியர், புராஜெக்ட் முடியும் வரை வசதிகளைத் தருவோம், கணக்கு ஒப்படைப்போம் என்று அதில் எழுத வேண்டும். அட்மிஷன் குறைந்தால் அடுத்த ஆண்டே துறையை மூடத் தயாராக இருக்கும் நிர்வாகம், மூன்று ஆண்டுக்கு உறுதி எழுதித் தருவதற்கு யோசிக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே நிர்வாகம்தான் ஒவ்வொரு செமஸ்டரும் 'புரொபோசல் எத்தனை போட்டீர்கள்?' என்று சுற்றறிக்கை விடும். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் ஆராய்ச்சிக்கும் வெளியிலிருந்து வரும் நிதிக்கும் மதிப்பெண் உண்டு. தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வந்தாலும் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான். புரொபோசல் எண்ணிக்கை ஆண்டு மதிப்பீட்டில் ஏறுகிறது, அதை எழுத வேண்டிய நேரம் வகுப்பு அட்டவணையில் ஏறுவதில்லை. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் பாடம், பிறகு அட்மிஷனுக்குப் பள்ளிகளுக்குப் படையெடுப்பு, அதற்கும் பிறகு ஆராய்ச்சி.

42-க்கும் 57-க்கும் நடுவில்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22 வயதில் எம்.எஸ்சி. முடிக்கும் ஒருவர். 30 வயதுக்குள் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000. கிடைக்காவிட்டால், மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு 8,000. மாநிலப் பல்கலைக்கழகத்திலோ இணைவுக் கல்லூரியிலோ சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் கைக்காசு. பட்டியலின மாணவர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் ஊக்கத்தொகை தருகிறது. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று மாதம் 25,000 ரூபாய்த் திட்டம் ஒன்றும் வந்திருக்கிறது. இவை எட்டாதவர் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பார். பட்டம் கைக்கு வரும்போது 31, 32. அந்த வயதில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பையர் ஃபேகல்ட்டி திட்டத்தின் வாசல் பொதுப்பிரிவினருக்கு மூடிக்கொண்டிருக்கும். மாதம் 1,25,000 ரூபாயும் ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு நிதியும் தரும் நல்ல திட்டம் அது. வேகமாகப் படித்து முடிக்க வசதி இருந்தவர்களுக்கு.

பிறகு கௌரவ விரிவுரையாளர் வேலை. ஆசிரியர் தேர்வு வாரியம் அழைக்கும் வரை காத்திருப்பு. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு வாரியம் அறிவிக்கை விட்டது 2024 மார்ச்சில். ஆகஸ்ட்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. அதற்கு முந்தைய பெரிய நியமனத்துக்கும் இதற்கும் நடுவில் பத்தாண்டு இடைவெளி. பெரிய மனதோடு அந்தத் தேர்வுக்கு அரசு வைத்திருக்கும் வயது வரம்பு 57. ஏனென்றால் ஆட்கள் காத்திருந்தே வயதாகிவிட்டார்கள் என்பது அரசுக்கே தெரியும். ஆக, 45 வயதில் ஒருவர் முதன்முதலாக நிரந்தர உதவிப் பேராசிரியர் ஆகலாம். மாநில அரசின் பார்வையில் அவர் பணியின் தொடக்கத்தில் இருப்பவர். மத்திய அரசின் பார்வையில் தொடக்கநிலைக் காலத்தை மூன்றாண்டுக்கு முன்பே முடித்தவர்.

இரண்டு விதிகளும் தனித்தனியே நியாயமானவை. சேர்த்துப் படித்தால், நடுவில் விழுவது ஒரு தலைமுறை.

வயது வரம்பே கூடாதென்று சொல்லவில்லை. இளையவர்களுக்கென்று பணத்தை ஒதுக்கி வைக்காவிட்டால், மூத்த பேராசிரியர்கள் தங்கள் நீண்ட கட்டுரைப் பட்டியலோடு வந்து எல்லாவற்றையும் அள்ளிப் போவார்கள். அது எந்த நாட்டிலும் நடக்கும். கேள்வி, இளமையை எந்தக் கடிகாரத்தில் அளப்பது என்பது. ஐரோப்பிய ஆய்வு மன்றம் தொடக்கநிலை ஆய்வாளர்களுக்குத் தரும் 15 லட்சம் யூரோ வரையிலான நிதிக்குப் பிறந்த தேதி கேட்பதில்லை. முனைவர் பட்டம் பெற்று 2 முதல் 7 ஆண்டுகள் என்பதே அண்மை ஆண்டுகளில் அதன் அளவுகோல். தாயாக இருந்தால் ஒரு குழந்தைக்கு 18 மாதம் வீதம் அந்தக் கடிகாரம் நிறுத்தி வைக்கப்படுகிறது. நம் நாட்டிலேயே, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டனின் வெல்கம் அறக்கட்டளையும் 2008-ல் சேர்ந்து தொடங்கிய இந்தியா அலையன்ஸ், வயதைப் பார்க்காமல் பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளைத்தான் எண்ணுகிறது. மருத்துவ உயிரியல் ஆராய்ச்சியில் அது நடக்க முடியுமென்றால் வேதியியலிலும் கட்டடப் பொறியியலிலும் ஏன் முடியாது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

சிண்டிகேட் கூடிய நாள்

தகுதி விதியும் தகுதியான ஆளும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டால் என்ன செய்வது? சென்னைக்கு இது புதிய கேள்வி இல்லை. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட் முன்னால் இதே கேள்வி வந்தது. விண்ணப்பதாரர் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக் குமாஸ்தா. கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எம்.ஏ. பட்டம் வேண்டும் என்பது விதி. பெயர் ராமானுஜன்.

கதையின் மற்ற பகுதிகள் எல்லாரும் அறிந்தவை. அந்தக் கோப்பு நகர்ந்த விதம்தான் அதிகம் பேசப்படுவதில்லை. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். கணிதப் பாடக் குழு பரிந்துரைத்தது. சிண்டிகேட்டில் சிலர் விதியைக் காட்டினார்கள். அப்போது நீதிபதி பி.ஆர். சுந்தரம் ஐயர், ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமைகளில் ஒன்று என்று சட்டத்தின் முகவுரையே சொல்கிறதே என்று எடுத்துக்காட்டியதாக வரலாறு. விதிமுறையில் இப்படியொரு உதவித்தொகைக்கு இடமில்லை என்று ஒப்புக்கொண்டே, சட்டப் பிரிவுகளைத் துணைக்கழைத்து, ஆளுநரின் சம்மதமும் கேட்டு, மாதம் 75 ரூபாய் இரண்டு ஆண்டுகளுக்கு என்று தீர்மானித்தார்கள். 1913 மே முதல் பணம் வந்தது. துறைமுகம் சம்பளமில்லா விடுப்புக் கொடுத்து வேலையையும் பத்திரப்படுத்தி வைத்தது.

பதிலுக்குப் பல்கலைக்கழகம் கேட்டது மூன்று மாதத்துக்கொரு அறிக்கை. ராமானுஜன் லண்டனுக்குக் கப்பலேறும் முன் மூன்று அறிக்கை கொடுத்தார். இன்று 'ராமானுஜன் மாஸ்டர் தேற்றம்' என்று கணிதத்தில் வழங்குவது அந்த அறிக்கைகளில் இருப்பதுதான். உதவித்தொகைக்குக் கணக்குக் காட்ட எழுதிய தாளில் தேற்றம் இருந்த வேறு கோப்பு அந்த அலுவலகத்துக்கு வந்திருக்க வாய்ப்பில்லை.

ராமானுஜன்களுக்காக விதி எழுத முடியாது என்பார்கள். சரிதான். ஆனால் 1913-ல் நடந்தது மேதையைக் கண்டு மயங்கி விதியைத் தூக்கிப் போட்ட செயல் அல்ல. விதிவிலக்கு கேட்கும் வழி இருந்தது, அதைக் கேட்டு எழுத ஒரு வாக்கர் இருந்தார், எழுதியதைப் படித்து முடிவெடுக்கும் அதிகாரம் ஒரு குழுவுக்கு இருந்தது. இன்றைய இணைய விண்ணப்பத்தில் பிறந்த தேதியை இட்டால் தகுதியில்லை என்று சிவப்பு எழுத்து வரும். அதற்கு மேல் யாரிடம் பேசுவது?

கிடைத்த பிறகு

தகுதியும் தேறி, நிதியும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2022-க்குப் பிறகு மத்திய அரசின் பெரும்பாலான ஆய்வு நிதி, கல்லூரியின் வங்கிக் கணக்கில் வந்து உட்காருவதில்லை. பூஜ்ய இருப்புக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். செலவுக்கு ஏற்பப் பணம் எடுத்துக்கொள்ளலாம். மார்ச் 31-ல் எடுக்காத தொகை திரும்பிப் போய்விடும். அரசின் பணம் வங்கிகளில் சும்மா கிடக்கக் கூடாது என்ற நோக்கம் சரியானது. ஆனால் ஜனவரியில் அனுமதி வந்து, பிப்ரவரியில் கணக்குத் திறந்து, மார்ச்சுக்குள் கருவி வாங்கச் சொன்னால் எதை வாங்குவது? புது நிதியாண்டுக்கு ஒதுக்கீடு வரும்வரை புராஜெக்டில் வேலை செய்யும் ஜே.ஆர்.எஃப். பையனுக்குச் சம்பளம் நிற்கும். பெரிய நிறுவனம் தன் கையிருப்பிலிருந்து கொடுத்துச் சமாளிக்கும். சிறிய கல்லூரியில் பேராசிரியரே கைமாற்றுக் கொடுப்பார்.

வருடா வருடம் பயன்பாட்டுச் சான்றிதழ் (யூ.சி.), செலவு அறிக்கை, ஆடிட்டர் கையெழுத்து. யூ.சி. அனுப்பினால்தான் அடுத்த தவணை. 'ஜெம்' என்ற அரசு இணையக் கொள்முதல் தளத்தில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தால் கெமிக்கல் ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த புலம்பல்கள் ஏராளம். 2025 ஜூனில் நிதி அமைச்சகம் இதைத் தளர்த்தியது. ஆராய்ச்சி நிறுவனத் தலைவர்கள் தேவைப்பட்டால் ஜெம்முக்கு வெளியிலும் வாங்கலாம், டெண்டரில்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ஆனது. நல்ல மாற்றம். அதைக் கல்லூரியின் கணக்குப் பிரிவுக்குப் புரியவைக்கும் வேலையும் பேராசிரியருக்கே.

தமிழ், வரலாறு, பொருளாதாரம் படித்தவர்களுக்கு இந்தச் சங்கடங்கள்கூட வாய்க்கவில்லை. பிரதமர் தொடக்கநிலை நிதி அறிவியலோடு நின்றுவிடுகிறது. யு.ஜி.சி.யின் சிறு, பெரு ஆய்வுத் திட்டங்கள் கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கு ஒரு காலத்தில் பெரிய துணை; அவை நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. 2022-ல் யு.ஜி.சி. புதிதாக நியமிக்கப்பட்ட ஆசிரியர்களுக்கென அறிவித்த 10 லட்சம் ரூபாய் கோத்தாரி நிதி, நாடு முழுவதற்குமாக 132 பேருக்கு. மிச்சமிருப்பது இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றம், பெரும்பாக்கம் செம்மொழி நிறுவனம் போன்ற சில வாசல்கள்.

சின்னத் தொகையின் பலம்

60 லட்சத்தைப் பற்றியே பேசுவதில் ஒரு ஆபத்து உண்டு. பல நல்ல ஆய்வுகள் தொடங்கத் தேவைப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1985 இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.டி. மாணவி செல்லப்பன் நிர்மலா, தன் வழிகாட்டி சுனிதி சாலமன் சொன்னபடி, ஆய்வேட்டுக்காக எய்ட்ஸ் கிருமியைத் தேடி ரத்த மாதிரிகள் சேகரித்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லை. இரவல் வாங்கியும் ஒட்டுப் போட்டும் ஏற்பாடு செய்து, மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாத்து, 1986 பிப்ரவரியில் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப் போனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது அப்படித்தான். பின்னாளில் அந்த நோயாளிகள் தமிழ்நாடெங்கிலுமிருந்து தேடி வந்த இடம் நம் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை. மாணவியின் ஆய்வேட்டுக்கு வேண்டியிருந்தது பெரிய கிராண்ட் இல்லை. கொஞ்சம் பணம், ஒரு ஆய்வகம், தாமதமில்லாத அனுமதி.

மாநில அரசு செய்யக்கூடியது இங்கேதான். கௌரவ விரிவுரையாளர், சுயநிதி ஷிஃப்ட் ஆசிரியர், தனியார் கல்லூரி உதவிப் பேராசிரியர் யாராயினும், பட்டம் பெற்ற ஐந்தாண்டுக்குள் மூன்று நான்கு லட்சம். நிரந்தரம் என்ற சொல்லுக்குப் பதிலாக, ஆய்வு முடியும்வரை இடம் தரும் ஏதாவது ஒரு அரசு நிறுவனத்தின் கடிதம் போதும் என்று வைக்கலாம். ஆள் கல்லூரி மாறினால் பணமும் கூடவே மாற வேண்டும். கோடிக்கணக்கில் கட்டடம் கட்டும் உயர்கல்வித் துறைக்கு இது சில்லறை.

அதுவரை இருப்பதைப் பயன்படுத்த வேண்டியதுதான். குழந்தை, குடும்பம் என்று இடைவெளி விட்ட பெண்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டங்கள் உண்டு. அவற்றுக்கு நிரந்தரப் பணி தேவையில்லை. நிரந்தரப் பணியில் இருந்தும் கல்லூரியில் ஆய்வகம் இல்லாதவர்கள் பார்க்க வேண்டியது, எஸ்.இ.ஆர்.பி. காலத்திலிருந்து வரும் 'டேர்' திட்டம். சொந்தக் கல்லூரி வேலையை விடாமல் ஐ.ஐ.டி. போன்ற நிறுவனத்தில் ஆண்டுக்கு 90 நாள் ஆராய்ச்சி செய்யலாம். மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ஆய்வு நிதி இரு நிறுவனங்களுக்கும் பாதிப் பாதியாக, ஆசிரியருக்கு ஆண்டுக்கு 60,000 தனி. சேலையூரில் பாடம் எடுப்பவருக்குக் கிண்டி, தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் அரை மணி நேரம்தான்.

திட்டத்துக்குத் தேவை மூன்று: அங்கே ஏற்றுக்கொள்ளும் ஒரு பேராசிரியர், ஒரு நல்ல கேள்வி, அந்த 90 நாளுக்கும் உங்களை விடுவிக்கச் சம்மதித்துப் பிரின்சிபால் போடும் கையெழுத்து. மூன்றாவதை முதலில் வாங்கிவிடுங்கள்.